கைப்பிடிக்குள் மூன்று பேட்டரி, எரியாத ஒரு புள்ளி

டெக்சாஸின் டல்லாஸிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் வரும் ஒரு தனியார் சுடுதளம். பிப்ரவரி மாதம், சனி ஞாயிறு இரண்டு நாள் கார்பைன் (குட்டை ரைஃபிள்) பயிற்சி. வரிசையில் எனக்கு இடப்பக்கம் நின்றவர் திருநெல்வேலிக்காரத் தம்பி. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் துப்பாக்கிக் கடைப் படியே ஏறுவேன் என்று காத்திருந்து வாங்கியவர். அது சரியான முடிவுதான். அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற ஒருசில விலக்குகள்தான் உண்டு. நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது.

அவருடையது ஏஆர்-15 ரகத் துப்பாக்கி. மேலே குழாய் வடிவ ரெட் டாட், முன்பக்கம் ஒரு விளக்கு. எடை குறையட்டும் என்று, பேட்டரி இல்லாமலே குறிபார்க்க உதவும் இரும்புக் குறிமுனைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ரெட் டாட் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அந்தப் புள்ளி எதன்மேல் விழுகிறதோ அங்கே குண்டு போகும். புள்ளியை எரியவைப்பது ஒரு சின்ன எல்இடி. அதற்குச் சோறு போடுவது சின்ன நாணயம் அளவிலான பேட்டரி.

ஞாயிறு காலை. குளிரில் விரல் நுனி மரத்திருந்தது. மூன்றாவது சுற்றில் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றியவர் சுடாமல் அப்படியே நின்றார்.

"அண்ணே, புள்ளியக் காணோம்."

பொத்தானை அமுக்கினார், அமுக்கிப் பிடித்தார். ஒன்றுமில்லை. பயிற்சியாளர் வந்து, முதலில் குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, குண்டறை காலி என்று கண்ணால் பார்த்து, போல்ட்டைப் பின்னே பூட்டவைத்தார். முனை இலக்குப் பக்கமே இருக்கவேண்டும் என்றார். பேட்டரி மாற்றும் அவசரத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிப்பவர்கள் உண்டு என்பதை அவர் சொல்லாமலே புரிந்துகொண்டோம்.

தம்பிக்குப் பதற்றம் இல்லை. "ஸ்பேர் இருக்குண்ணே. கிரிப்புலயே வச்சிருக்கேன்" என்று சிரித்தார். கைப்பிடியின் அடிமூடியைத் திருகினார். உள்ளங்கையில் மூன்று சிஆர்2032 பொத்தான் பேட்டரிகளும் எல் வடிவச் சாவி ஒன்றும் விழுந்தன. அதுவரை எல்லாம் திட்டப்படி.

அந்த ரெட் டாட்டில் பேட்டரி உட்காரும் தட்டு பக்கவாட்டில் இருந்தது. குண்டூசித் தலை அளவில் இரண்டு நட்சத்திரத் திருகுகள் அதைப் பிடித்திருந்தன. கையிலிருந்த எல் சாவி அறுமுனைச் சாவி, ரெட் டாட்டைத் துப்பாக்கியோடு பிணைக்கும் திருகுக்கானது. இந்தத் திருகுக்கு அது பொருந்தவே பொருந்தாது. யாரோ தம் வண்டியிலிருந்து சின்னத் திருப்புளி செட் கொண்டுவந்தார். ஒரு திருகு ஜல்லிக்குள் விழுந்தது. இரண்டு பேர் மண்டியிட்டுத் தேடி எடுத்தோம். முதல் பேட்டரியைப் போட்டார், எரியவில்லை. இரண்டாவது, ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தது. மூன்றாவது, அதுவும் இல்லை.

இதற்குள் வரிசை அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது. பயிற்சியாளர் ஒரு பழைய வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். புள்ளி செத்தாலும் குழாய் இருக்கிறதே. அந்த வட்டத்துக்கு நடுவில் இலக்கின் மார்பை நிறுத்திச் சுடு என்றார். பதினைந்து கெஜத்தில் எல்லாமே அட்டையில் விழுந்தன. ஒன்றுகூட நடுவில் இல்லை, ஆனால் விழுந்தன. இடைவேளையில் பயிற்சியாளரின் பையிலிருந்து வந்த புதுப் பேட்டரியைப் போட்டதும் புள்ளி பளிச்சென்று எரிந்தது. ஆக, கருவியில் கோளாறு இல்லை.

ஒரு பேட்டரி சாவது பெரிய சேதி இல்லை. உள்ளே இருந்ததும் வெளியே சேமித்திருந்த மூன்றும் ஒரே காலையில் கைவிட்டதுதான் எனக்கு உறுத்தியது. நாலையும் எல் சாவியையும் ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மேசைமேல்

மல்டிமீட்டரை எடுத்தேன். புது சிஆர்2032 என்றால் மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். ரெட் டாட்டுக்குள் இருந்தது 2.3. கைப்பிடியிலிருந்து வந்தவற்றில் ஒன்று 2.2, மற்ற இரண்டும் ஒரு வோல்ட்டைக்கூட எட்டவில்லை.

அந்த 2.2 வோல்ட் பேட்டரியை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தபோது அதன் எதிர்முனைப் பக்கத்தில் வில்போல வளைந்த இரண்டு கீறல்கள் தெரிந்தன. ரெட் டாட்டுக்குள் இருந்ததிலும் அச்சு அசலாக அதே கீறல்கள், தட்டிலிருக்கும் தொடுதகட்டின் வேலை. அதாவது 'உபரி' என்று வைத்திருந்தவற்றில் ஒன்று ஏற்கெனவே வேலை செய்து ஓய்வு பெற்றது. போனில் கேட்டேன்.

"போன வருசம் ஒருக்கா மாத்துனேன்ண்ணே. பழசக் குப்பையில போடக்கூடாதுன்னு சொல்வாங்கள்ல, அப்புறமா கடையில குடுத்துரலாம்னு கிரிப்புலயே போட்டுட்டேன்."

நல்ல எண்ணம்தான். பழையதையும் புதியதையும் ஒரே பொந்தில், அடையாளம் இல்லாமல் போட்டதுதான் பிசகு. பொத்தான் பேட்டரிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தீர்ந்தது என்று எதுவும் முகத்தில் எழுதிக்கொள்வதில்லை.

மற்ற இரண்டும் உண்மையிலேயே புதியவை. ஆனால் அவற்றோடு குடியிருந்தது அந்த எல் சாவி. சிஆர்2032இன் மேல்முகமும் சுற்றுவிளிம்பும் ஒரே உலோகத் தொப்பி, நேர்முனை. கீழே சற்று உள்வாங்கிய முகம் எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே மயிரிழை அகல பிளாஸ்டிக் வளையம்தான் வேலி. ஒரு இரும்புத் துண்டு எதிர்முனை முகத்தில் படுத்து விளிம்பைத் தொட்டால் போதும், பேட்டரி தனக்குத்தானே குறுக்குச்சுற்றாகி (ஷார்ட் சர்க்யூட்) வடியத் தொடங்கும். மூன்று கிராம் எடையுள்ள இந்த பேட்டரியில் இருப்பதே சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி (பேட்டரி தேக்கும் மின்சாரத்தின் அளவு). துப்பாக்கி வண்டியில் குலுங்கும்போதெல்லாம் சாவி தொட்டது, விலகியது, தொட்டது. சாவியின் கறுப்புப் பூச்சு இரண்டு இடங்களில் தேய்ந்து இரும்பு பளபளத்தது.

இதில் ஒரு வேடிக்கை. பேட்டரிகளைக் குடித்துத் தீர்த்த அந்தச் சாவியால் பேட்டரித் தட்டையும் திறக்க முடியவில்லை.

இன்னொரு கேள்வி பாக்கி. பெட்டியில் ஐம்பதாயிரம் மணி நேரம் என்று போட்டிருக்கிறானே, உள்ளே இருந்தது ஏன் ஒரு வருடத்தில் தீர்ந்தது? அந்தக் கணக்கு நடுத்தர வெளிச்சத்துக்கு உரியது. சனிக்கிழமை வெயிலில் தம்பி வெளிச்சத்தை உச்சிக்கு ஏற்றியிருந்தார், இறக்கவில்லை. அதைவிட முக்கியமானது வேறு. அது அசைவு பட்டால் விழிக்கும் ரகம்: சில நிமிடம் ஆடாமல் இருந்தால் தூங்கும், எடுத்தால் தானே எரியும். வீட்டு அலமாரியில் கிடக்கும் துப்பாக்கிக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் இவர் துப்பாக்கி வாரத்துக்கு ஐந்து நாள் பிக்கப் வண்டியின் பின்னிருக்கையில், உறைக்குள், வேலைக்குப் போய் வந்தது. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அந்தப் புள்ளி இருட்டு உறைக்குள் யாருக்கோ எரிந்துகொண்டிருந்தது.

இந்தப் பொந்து எங்கிருந்து வந்தது

துப்பாக்கிக்குள் சாமான் வைப்பது புதிதல்ல. அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரகத்தில் 1970களிலேயே தோள்கட்டைக்குள் ஒரு பொந்தும் பின்னால் கதவும் வந்துவிட்டன; வைத்தது சுத்தம் செய்யும் கம்பியும் துணியும். அப்போது துப்பாக்கியில் மின்சாரம் என்ற பேச்சே கிடையாது. 1970 நவம்பரில் வடவியட்நாமின் சோன் டே சிறைமுகாமுக்குள் இறங்கிய அமெரிக்கச் சிறப்புப் படையினர் தங்கள் குட்டை கார்பைன்களில் ஒருவகைப் புள்ளிக் குறிகாட்டியை மாட்டியிருந்தார்கள். அதற்கு பேட்டரி இல்லை. ஒரு கண்ணால் புள்ளியையும் மறுகண்ணால் இலக்கையும் பார்த்து மூளைக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டும். பேட்டரியால் எரியும் ரெட் டாட்டை ஸ்வீடனின் ஏம்பாயிண்ட் நிறுவனம் 1975இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

1994இல் எம்4 கார்பைன் ராணுவத்துக்குள் வந்தபோது ஒரு சங்கடம் கூடவே வந்தது. நீளம் கூட்டிக் குறைக்கும் தோள்கட்டை என்பதால் அதன் நடுவில் பின்னோக்கி ஓடும் குழாயே இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டது. பழைய பொந்து போயிற்று. அதே சமயத்தில்தான் துப்பாக்கியின் முன்பாதி மின்சாதனக் கடையாக மாறியது. சிறப்புப் படைகளுக்கான துணைக்கருவித் தொகுப்பில் லேசர் குறிகாட்டி வந்தது: ஏஎன்/பெக்-2, ரிமோட்டில் போடும் டபுள் ஏ பேட்டரி இரண்டு. வெள்ளை விளக்கு வந்தது: கேமராக்களில் போட்ட சிஆர்123ஏ. 1997இல் தரைப்படை ஏம்பாயிண்டின் ரெட் டாட்டை எம்68 என்ற பெயரில் வாங்கத் தொடங்கியது: அதற்கு மூன்றாவதாக ஒரு ரகம், குட்டை உருளை வடிவ 1/3என். ஒரே துப்பாக்கியில் மூன்று சாதனம், மூன்று சாதி பேட்டரி. சட்டைப்பை, முதுகுப்பை என்று சிதறிக் கிடக்கும் இவற்றை இருட்டில் தடவி எடுப்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தியானா மாநிலத்தில் கிரேன் என்ற ஊரில் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுமையம் இருக்கிறது. அங்கே கண்ட வழி எளிமையானது. நடுக்குழாயை அசைக்க முடியாது என்றால் அதன் இருபுறமும் கைவைப்போம் என்று, கட்டையின் இடமும் வலமுமாக நீர் புகாத இரண்டு அறைகளை வைத்தார்கள். சிஆர்123ஏ பேட்டரி 34.5 மில்லிமீட்டர் நீளம், 17 மில்லிமீட்டர் தடிமன். ஓர் அறைக்குள் அதில் மூன்றை வரிசையாகத் தள்ளலாம். டபுள் ஏ என்றால் இரண்டு. இன்று எல்லாரும் 'கிரேன் ஸ்டாக்' என்று சொல்வது இதைத்தான். அந்த அறைகளால் கட்டையின் பக்கங்கள் சரிவாகப் பருத்தன, குறிபார்க்கும்போது கன்னம் வைக்க வாகான மேடை கிடைத்தது. பிற்பாடு இதை விலைகொடுத்து வாங்கிய பொதுமக்களில் பாதிப் பேர் பேட்டரிக்காக வாங்கவில்லை, கன்னத்துக்காக வாங்கினார்கள். என்னிடம் இருப்பதும் அப்படி வாங்கியதுதான். முதல் இரண்டு வருடம் அந்த அறைகளில் காற்றைத்தான் சேமித்தேன்.

ஏம்பாயிண்ட் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பேட்டரியை எங்கே ஒளிப்பது என்று யோசிக்காமல், எங்கும் கிடைக்கும் பேட்டரியாக மாற்றுவோம் என்றது. 2007இல் அமெரிக்கத் தரைப்படை எடுத்துக்கொண்ட காம்ப்எம்4 ரெட் டாட் ஒரே ஒரு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். நிறுவனம் சொல்லும் கணக்கு எண்பதாயிரம் மணி நேரம், ஒன்பது ஆண்டுக்கு மேல். இரவுப்பார்வைக் கண்ணாடிக்கும் டபுள் ஏ, இதற்கும் டபுள் ஏ. பொந்துப் பிரச்சினையில் பாதி இதிலேயே கரைந்துவிட்டது. கிரேன் மையத்தின் விடையைவிட இதுதான் நல்ல விடை என்பது என் கட்சி.

பேட்டரியே வேண்டாம் என்ற விடையும் இருந்தது. ட்ரிஜிகான் நிறுவனத்தின் ஏகாக் தொலைநோக்கி பகலில் மேலே ஓடும் ஒளியிழையாலும் இரவில் ட்ரிடியம் என்ற கதிரியக்க வாயுவாலும் எரிகிறது. அணைக்கப் பொத்தான் கிடையாது. ட்ரிடியத்தின் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டு என்பதால் மெல்ல மெல்ல மங்கும். அது திடீர் மரணமில்லை, மூப்பு.

பசிக் கணக்கு

எந்தச் சாதனம் எவ்வளவு தின்கிறது என்று தெரியாமல் உபரி வைப்பது, விருந்தாளி எத்தனை பேர் என்று தெரியாமல் உலை வைப்பதுபோல. நாலாம் வகுப்புக் கணக்குதான்.

சிஆர்2032இல் 225 மில்லி ஆம்பியர்-மணி. ஐம்பதாயிரம் மணி நேரம் ஓடும் ரெட் டாட்டில் அதைப் போட்டால், அந்தப் புள்ளி இழுப்பது ஏறக்குறைய 4.5 மைக்ரோ ஆம்பியர். பேட்டரியில் ஓடும் கைக்கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஈயோடெக் போன்ற ஹோலோகிராஃபிக் குறிகாட்டிகளில் எல்இடி இல்லை, லேசர். சிஆர்123ஏ ஒன்றில் ஆயிரம் மணி நேரம் அளவில் ஓடும். அந்த பேட்டரியின் கொள்ளளவு சுமார் 1,500 மில்லி ஆம்பியர்-மணி. வகுத்தால் 1.5 மில்லி ஆம்பியர். ரெட் டாட்டைவிட முந்நூறு மடங்குக்கு மேல். அதனால்தான் ஹோலோகிராஃபிக் சில மணி நேரத்தில் தானே அணைந்துகொள்ளும். ரெட் டாட்டை வருடக்கணக்கில் அணைக்காமலே விடுகிறார்கள்.

விளக்கு என்ன செய்கிறது? ஆயிரம் லூமன் தரும் துப்பாக்கி விளக்கு, சிஆர்123ஏ இரண்டைப் போட்டு எரித்தால் ஒன்றரை மணி நேரத்தில் தின்றுவிடும். வருடமோ மாதமோ இல்லை, ஒன்றரை மணி.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆறு வருடம் ஓடும் ரெட் டாட்டுக்கு மூன்று உபரி வைத்திருந்த தம்பி, ஒன்றரை மணி நேர விளக்குக்கு ஒன்றுகூட வைத்திருக்கவில்லை. சுடுதளத்தில் வந்திருந்த மற்றவர்களைக் கேட்டேன். உபரி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அதே கதை. பயம் புள்ளியின்மேல், பசி விளக்கில்.

உடல் சூட்டைப் படமாக்கிக் காட்டும் வெப்பக்காட்சித் தொலைநோக்கி இன்னும் பேராசைக்காரன். டெக்சாஸில் 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை, இரவிலும் சுடலாம். பயிரை உழுதுபோட்டுவிட்டுப் போகும் பன்றிகளுக்காக விடியவிடிய உட்காருபவர்கள் வெப்பக்காட்சியை மாட்டிக்கொண்டுதான் போவார்கள். அவற்றில் ஓர் இரவுக்கே ஒரு பேட்டரி போதாதவை உண்டு. அங்கே உபரி என்பது சாப்பாட்டுத் தூக்கு மாதிரி, எடுக்காமல் கிளம்பமாட்டார்கள்.

எங்கே வைப்பது, எப்படி வைப்பது

கைப்பிடிக்குள் வைப்பதுதான் மலிவு. மேக்புல் போன்ற நிறுவனங்களின் கைப்பிடிகளில் பேட்டரிக்கென்றே வார்த்த உள்கூடு தனியாகக் கிடைக்கிறது; பேட்டரி ஆடாமல், ஒன்றையொன்று தொடாமல் உட்காரும். தம்பி உள்கூடு வாங்காமல் வெறும் பொந்தில் கொட்டியிருந்தார். உள்கூடு இல்லையென்றால் பொத்தான் பேட்டரியை அது வந்த பிளாஸ்டிக் அட்டைக் கூட்டோடு கத்தரித்து அப்படியே வைப்பது உத்தமம். முடியாவிட்டால் ஒவ்வொன்றின் முகத்திலும் காகித டேப். எண்ணெய்க்குப்பியையோ சாவியையோ அதே பொந்தில் போடாதீர்கள்.

தோள்கட்டை உருளை பேட்டரிகளுக்கு ஏற்ற இடம். பேட்டரி கிடக்கும் திசை, சுடும்போது வரும் உதையின் திசையேதான். அதனால் இடைவெளி விட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னும் மோதும், சத்தமும் போடும். ஒரு துண்டு ஸ்பாஞ்சு போதும். இரவு வேட்டையில் அந்த டக்டக் சத்தத்துக்குப் பன்றி திரும்பிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன், சுடுபவர் மட்டும் கேட்கவில்லை.

முன்கைப்பிடிக்குள்ளும் பொந்து உள்ளவை இருக்கின்றன. எனக்குப் பிடிக்காது. எடை முன்னால் சேர்கிறது, தொடர்ந்து சுட்டால் அந்தப் பக்கம் சூடும் அதிகம். சிஆர்123ஏ போன்ற லித்தியம் பேட்டரிகளுக்கு அறுபது டிகிரி செல்சியஸ்தான் எல்லை. டெக்சாஸ் ஆகஸ்டில் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் வெயில் படும் இடங்கள் அதைத் தாண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரண ஆல்கலைன் டபுள் ஏ-வைத் துப்பாக்கிக்குள் சேமிக்கவே வேண்டாம். வருடக்கணக்கில் கிடந்தால் கசியும். பழைய டார்ச்சின் அடிமூடியைத் திறந்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பூஞ்சை தெரியும். லித்தியம் டபுள் ஏ விலை கூட. ஆனால் எடை 15 கிராம், ஆல்கலைன் 23. உறைகுளிரில் பூஜ்யத்துக்குக் கீழ் நாற்பது டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும், இருபது ஆண்டு அலமாரி ஆயுள் என்று அதைச் செய்பவர்களே எழுதிக்கொடுக்கிறார்கள்.

சிஆர்123ஏ இரண்டைத் தொடராகப் போடும் விளக்குகளில் மட்டும் ஒரு எச்சரிக்கை, கண்டிப்பானது. ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கலக்காதீர்கள். பழையது முதலில் தீரும். தீர்ந்த பிறகும் புதியது அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது சூடேறி, வாயு கக்கி, தீயோடு வெடித்த சம்பவங்கள் உண்டு. அதனால் உபரியை எப்போதும் ஜோடியாக, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டாக, டேப் சுற்றிச் சேர்த்து வைப்பேன். கழற்றுவதும் ஜோடியாகத்தான்.

பேட்டரி எங்கே இருக்கிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. அதை உள்ளே போட என்ன வேண்டும்? என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வி. சில ரெட் டாட்களின் மூடியை விரலாலேயே திருகலாம். சிலவற்றுக்கு ஒரு நாணயம் வேண்டும். தம்பியுடையதற்குக் குறிப்பிட்ட அளவு நட்சத்திரத் திருப்புளி. கைத்துப்பாக்கிக்கென்று வந்து, இப்போது ரைஃபிளில் சாய்வாகவும் மாட்டப்படும் ட்ரிஜிகான் ஆர்எம்ஆர் இரண்டாம் வகை ரெட் டாட்டில் பேட்டரி அடியில் இருக்கிறது. சாதனத்தையே கழற்றி மாட்டவேண்டும், பிறகு குறி சரியாக நிற்கிறதா என்று சுட்டுப் பார்க்கவேண்டும். அப்படிப்பட்டதற்குத் துப்பாக்கியில் உபரி வைப்பது மன ஆறுதலுக்கு மட்டுமே. கருவியில்லாமல் திறக்க முடிந்தால் உபரி துப்பாக்கியில் இருக்கட்டும். முடியாதென்றால் உபரியும் திருப்புளியும் சேர்ந்து பையில் இருக்கட்டும். துப்பாக்கியில் இரும்புக் குறிமுனை இருக்கட்டும்.

பொத்தான் பேட்டரி வாங்கும்போதும் ஒன்று. குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில நிறுவனங்கள் கசப்புப் பூச்சு பூசுகின்றன. நல்ல காரியம், விழுங்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும், 2022இல் அமெரிக்காவில் வந்த ரீஸ் சட்டமே அப்படி ஒரு குழந்தையை இழந்த பிறகு வந்ததுதான். ஆனால் அந்தப் பூச்சு சில சாதனங்களில் தொடுமுனையில் மின்சாரம் பாய விடுவதில்லை. போட்டும் எரியவில்லை என்றால் அந்த பேட்டரியைச் செத்ததாகத் தூக்கிப்போடுமுன், பூச்சில்லாத வேறொன்றைப் போட்டுப் பார்க்கலாம். குழந்தை இருக்கும் வீட்டில் கைப்பிடியைத் திறந்து மேசையில் பொத்தான் பேட்டரியைப் பரப்பிவிட்டு காபி போடப் போகாதீர்கள். அந்த ஞாயிறு இரவு நானே அப்படிப் போனவன்தான். வீட்டில் திட்டு வாங்கினேன்.

வருங்காலத்தில் இதெல்லாம் பழங்கதையாகலாம். நேட்டோ நாடுகள், சாதனங்களை மாட்டும் துப்பாக்கியின் மேல்தண்டவாளம் வழியாகவே எல்லாச் சாதனத்துக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் தரும் தரநிலை ஒன்றை வகுத்திருக்கின்றன, எண் 4740. ஒரு பேட்டரி, ஒரு சுவிட்சு. அந்த ஒன்று தீர்ந்தால் எல்லாமே ஒன்றாக அணையும் என்று எனக்குத் தோன்றுகிறது. தரநிலை எழுதியவர்கள் என்னைவிட யோசித்திருப்பார்கள்.

பிறகு செய்தது

தம்பியின் துப்பாக்கியில் மாற்றியது கொஞ்சம்தான். இரும்புக் குறிமுனைகள் திரும்ப ஏறின. கைப்பிடிக்கு உள்கூடு வாங்கினார். அதில் விளக்குக்கான சிஆர்123ஏ இரண்டு, டேப் சுற்றிய ஜோடி. ரெட் டாட்டுக்கான சிஆர்2032 ஒன்றே ஒன்று, அட்டைக்கூட்டோடு, குட்டித் திருப்புளியோடு சேர்த்து ஒரு ஜிப் உறையில் போட்டுப் பைக்குள். அசைவுக்கு விழிக்கும் வசதியை அணைக்க முடிகிற ரகம் அது. வண்டியில் போகும்போது அணைத்துவிடுகிறார். அந்த நாலு செத்த பேட்டரிகளின் முகத்திலும் டேப் ஒட்டி, ஹார்டுவேர் கடையின் பழைய பேட்டரி சேகரிக்கும் பெட்டியில் போட்டாயிற்று.

எப்போது மாற்றுவது என்பதில்தான் பேச்சு நீண்டது. மணிக்கணக்கை யார் எண்ணுவது? வருடத்துக்கு ஒருமுறை, தீர்ந்ததோ இல்லையோ, எல்லாவற்றையும் மாற்று என்றேன். புத்தாண்டு என்றார் அவர். அன்றைக்கு ஊரே தூங்கும், மறந்துவிடும் என்றேன். கடைசியில் போகி என்று முடிவானது. பழையதைக் கழிக்கும் நாள், எரிக்கத்தான் கூடாது.

ஜனவரி 13 இரவு போன் வந்தது. பின்னணியில் பாத்திரச் சத்தம், வீட்டம்மா பரணைக் காலி செய்துகொண்டிருந்தார் போல.

"அண்ணே, புள்ளிக்கு மாத்திட்டேன். தேதியும் எழுதிட்டேன். விளக்குல ஒண்ணு மட்டும் வீக்கா காட்டுது. அத மட்டும் மாத்துனா போதுமா?"

"ரெண்டையும்."

"சரிண்ணே. அந்தக் கிரிப்புல இருக்கற ஜோடிய இதுல போட்டுட்டு, கழட்டுனத கிரிப்புல..." என்று தொடங்கியவர், தானே நிறுத்திக்கொண்டார்.